மழைக்கணக்கும் வாடகைக்கணக்கும்

வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் பாதி தூரம் தாண்டினால் கண்ணமங்கலம். ஊருக்கு மேற்கே ஜவ்வாது மலைத்தொடர். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று, சமவெளியைக் கடந்துவந்து முட்டிக்கொள்ளும் உயரங்களில் இதுவும் ஒன்று. முட்டிய காற்று மேலே ஏறுகிறது, ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் சுமந்துவந்த ஈரத்தை இறக்கிவைக்கிறது. அந்தத் தண்ணீர்தான் ஒரு பக்கம் நாகநதியாகவும், இன்னொரு பக்கம் படவேட்டுக்கு மேலே செண்பகத்தோப்பு அணையில் தேங்கிக் கமண்டல நதியாகவும் ஆரணிச் சீமைக்கு வருகிறது. மலையின் கிழக்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும் அதே நாளில் மேற்குப் பக்கத்து ஊர்களில் வெறும் தூறல் விழுந்து நின்றுவிடுவதும் உண்டு.

நாளைக்குக் கண்ணமங்கலத்தில் எவ்வளவு மழை பெய்யும்? கதிர் முற்றிய வயலை வைத்துக்கொண்டிருப்பவருக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. ஆனால் இதற்குக் கணினி மூலம் பதில் சொல்வது, சென்னைக்கோ தமிழ்நாட்டுக்கோ பொதுவாகப் பதில் சொல்வதைவிட மிகக் கடினம். காரணம் அந்த மலைதான்.

வானிலையைக் கணக்கிடும் நிரல், பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலை, ஓர் அழுத்தம், காற்றின் ஒரு திசை, ஒரு வேகம், ஈரப்பதத்துக்கு ஓர் எண், நிலத்தின் உயரத்துக்கும் ஓர் எண். கட்டத்துக்குள்ளே என்ன ஏற்ற இறக்கம் இருந்தாலும் நிரலுக்கு அது சராசரிதான். இந்தியாவின் உலகளாவிய வானிலை மாதிரி அண்மைக்காலம் வரை 12 கிலோமீட்டர் கட்டத்தில் ஓடியது. ஜவ்வாது மலையின் குறுக்களவு சுமார் 30 கிலோமீட்டர். அதாவது மொத்த மலையும் குறுக்குவாட்டில் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடும். கண்ணமங்கலமும் அதன் பின்னால் எழும் சரிவும் ஒரே கட்டத்தில் விழுந்தால், இரண்டுக்கும் ஒரே உயரம். நிரலின் கண்ணில் அங்கே காற்று ஏறுவதற்குப் பெரிதாக மலையே இல்லை.

2025 மே 26 அன்று இந்திய வானிலைத் துறை ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ என்ற புதிய மாதிரியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. வெப்பமண்டலப் பகுதியில் இதன் கட்டம் 6 கிலோமீட்டர். மலை இப்போது ஐந்து கட்டங்கள் அகலம். சரிவு ஒன்றாகவும் சமவெளி வேறாகவும் தெரியத் தொடங்குகின்றன.

பன்னிரண்டை ஆறாக்குவது பாதிக்குப் பாதிதானே என்று தோன்றும். கிழக்கு மேற்காக இரண்டு மடங்கு, வடக்கு தெற்காக இரண்டு மடங்கு என்று கட்டங்களின் எண்ணிக்கையே நான்கு மடங்காகிவிடுகிறது. அதோடும் முடியவில்லை. 1928இல் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லேவி என்ற மூன்று கணித அறிஞர்கள் ஒரு நிபந்தனையைக் கண்டுசொன்னார்கள். இத்தகைய கணக்கில் நேரத்தைச் சிறு சிறு தாவல்களாக நகர்த்துகிறோம் அல்லவா? ஒரு தாவலுக்குள் காற்றோ அலையோ ஒரு முழுக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. குதித்தால் விடைகள் தறிகெட்டுப் போகும். கட்டம் பாதியானால் தாவலும் பாதியாக வேண்டும். ஆக மொத்த வேலை எட்டு மடங்கு. உயரத்திலும் அடுக்குகளைக் கூட்டினால் அதற்கும் மேல்.

உலகம் முழுவதையும் 6 கிலோமீட்டர் கட்டமாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். சுமார் 1 கோடியே 40 லட்சம் கட்டங்கள் வரும். வளிமண்டலத்தை 60 அடுக்காகப் பிரித்தால் 85 கோடிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் பல சமன்பாடுகள். பத்து நாள் முன்கணிப்புக்கு ஆயிரக்கணக்கான தாவல்கள். இவ்வளவும் சில மணி நேரத்தில் முடிந்தாக வேண்டும். மழை பெய்து ஓய்ந்த பிறகு வரும் துல்லியமான விடையை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

இப்படி ஒரு கணக்கை எப்படிப் போடுவது என்பதைக் கணினி என்ற இயந்திரமே இல்லாத காலத்தில் ஒருவர் யோசித்திருக்கிறார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், ஆங்கிலேயர், போரை வெறுத்த குவேக்கர். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, வளிமண்டலத்தில் ஆறு மணி நேரத்தில் நடக்கும் மாற்றத்தைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். விடை படுதோல்வி. ஆனால் 1922இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு கற்பனை மண்டபம் வருகிறது. உட்சுவரில் உலக வரைபடம். அடுக்கடுக்கான மாடங்களில் 64,000 கணக்கர்கள். ஒவ்வொருவரும் தம் பகுதிக்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள். பக்கத்துப் பகுதிக்காரருக்குத் தம் விடையைக் காட்டுகிறார்கள், அவருடைய விடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். நடுவே உயர்ந்த தூணின் மேல் ஒரு மேற்பார்வையாளர். முந்திக்கொண்டு ஓடும் பகுதியின் மீது ரோஜா நிற ஒளியையும், பின்தங்கிய பகுதியின் மீது நீல ஒளியையும் பாய்ச்சுகிறார்.

உயர்செயல்திறன் கணிமை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை படித்ததில்லை. அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒரே பெரிய கணக்கு, பல பேருக்குப் பிரித்துத் தரப்படுகிறது. பிரித்த பிறகும் அவர்கள் தனித்தனி ஆட்களாகிவிடுவதில்லை. ஒவ்வொரு தாவலிலும் அக்கம்பக்கத்தாரோடு எண்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள். எல்லாரும் ஒரே கதியில் போக வேண்டும். ஒருவர் தாமதித்தால் 63,999 பேர் காத்திருப்பார்கள். ரிச்சர்ட்சனின் கனவு 1950இல் எனியாக் கணினியில் முதன்முதலாகப் பலித்தது. சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நாய்மன் ஆகியோர் 24 மணி நேர முன்கணிப்பைப் போட்டபோது, கணக்கு முடிய ஏறத்தாழ 24 மணி நேரமே ஆனது. வானிலையோடு சமமாக ஓடினார்கள், அவ்வளவுதான்.

வேகத்தை வைத்து உயர்செயல்திறன் கணிமையை வரையறுக்கப் பார்ப்பவர்கள் வழுக்கி விழுவார்கள். 1976இல் வந்த க்ரே-1, நொடிக்கு 16 கோடி தசமப்புள்ளிக் கணக்குகளைப் போடும் திறனோடு உலகையே அசத்தியது. இன்று சட்டைப்பையில் இருக்கும் போன் அதைச் சுலபமாக மிஞ்சும். ‘டெராஃப்ளாப்’ என்றால் நொடிக்கு லட்சம் கோடிக் கணக்குகள். ‘பெட்டாஃப்ளாப்’ என்றால் அதுபோல் ஆயிரம் மடங்கு. 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளிவரும் ‘டாப்500’ பட்டியல் உலகின் வேகமான 500 கணினிகளை வரிசைப்படுத்துகிறது. அதில் முதல் வரிசையில் இருந்த இயந்திரம் பத்தாண்டில் பட்டியலிலேயே இல்லாமல் போவது வாடிக்கை. ஆகவே எண் ஒரு பொருட்டல்ல. வேலை எப்படிப் பிரிகிறது, பிரிந்தவர்கள் எவ்வளவு பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் பொருட்டு.

அந்தப் பேச்சுக்கு ஆகும் நேரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2.5 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் ஒரு மைக்ரோ விநாடிக்குள் 2,500 முறை துடித்துவிடும். சூப்பர் கம்ப்யூட்டர்களில் பயன்படும் இன்ஃபினிபேண்ட் போன்ற இணைப்பில் ஒரு சிறு செய்தி ஒரு நோடிலிருந்து, அதாவது சேர்ந்து இயங்கும் கணினிகளில் ஒன்றிலிருந்து, அடுத்த நோடுக்குப் போய்ச்சேர ஒன்றிரண்டு மைக்ரோ விநாடி. அலுவலகங்களில் இருக்கும் சாதாரண ஈதர்நெட்டில் பத்து மடங்கு, சில நேரம் அதற்கும் மேல். சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள கணினிக்கு என்றால், கண்ணாடி இழையில் ஒளியே ஓடினாலும் ஒரு வழிக்கு 5 மில்லி விநாடி. அதற்குள் நம் பிராசஸர் ஒன்றேகால் கோடி முறை துடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். பேசிக்கொண்டே இருக்க வேண்டிய கணக்கைப் பாதி சென்னையிலும் பாதி மும்பையிலும் ஓட்ட முடியாமல் போவதற்கு இயற்பியலே காரணம். எந்த நிறுவனத்தாலும் அதைத் தள்ளுபடி செய்து தர முடியாது.

இனி அதே ஜவ்வாது மலையின் மறுபக்கம் போவோம். ஆலங்காயத்தை அடுத்து, சுமார் 700 மீட்டர் உயரத்தில், காவலூர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1986இல் திறந்துவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அதன் பெருமை. 1988இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறுங்கோளுக்கு, 4130 என்ற வரிசை எண்ணோடு, ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. குறுங்கோள் தேடுவது என்றால், ஒரே வானப்பகுதியை இடைவெளி விட்டு எடுத்த படங்களை ஒப்பிட்டு, நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்ந்த புள்ளி எது என்று பார்ப்பது. அன்று புகைப்படத் தகடுகளில் கண்ணால் பார்த்த வேலை. இன்று அதை நிரல் செய்யும்.

இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. ஒரு ஜோடிப் படத்துக்கு இன்னொரு ஜோடியின் விடை தேவையே இல்லை. பத்தாயிரம் ஜோடிகள் இருந்தால் பத்தாயிரம் கணினிகளிடம் கொடுத்துவிடலாம். எது முன்னே முடிந்தாலும் சரி, ஒன்று நடுவில் செத்துப்போனாலும் அந்த ஒரு ஜோடியை மட்டும் மறுபடி போட்டால் போதும். 1999 முதல் 2020 வரை ‘சேட்டி அட் ஹோம்’ திட்டம் லட்சக்கணக்கான வீட்டுக் கணினிகளில் ரேடியோ அலைகளை ஆராய முடிந்தது இந்தக் குணத்தால்தான். மலையின் கிழக்குப் பக்கத்து மழை, பேசியே தீர வேண்டிய கணக்கு. மேற்குப் பக்கத்து விண்மீன் படங்கள், வாயே திறக்க வேண்டாத கணக்கு. இத்தகைய கணினிகளைச் சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற விவாதத்தில் பலர் விலைப்பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த வித்தியாசத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி.

சொந்தமாக வைத்துக்கொள்ளும் ஆசை இந்தியாவுக்கு வந்ததில் ஒரு மனத்தாங்கலும் கலந்திருந்தது. எண்பதுகளில் வானிலைக் கணக்குக்காக இரண்டு பிராசஸர் கொண்ட க்ரே எக்ஸ்-எம்பி/24 கேட்டோம். அமெரிக்கா தயங்கித் தயங்கி, ஒரே பிராசஸர் கொண்ட எக்ஸ்-எம்பி/14ஐ, வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடுகளோடு விற்றது. பெங்களூரில் தேசிய வானூர்தியியல் ஆய்வகம் 1986லேயே ‘ஃப்ளோசால்வர்’ என்ற இணைக்கணினியைச் செய்திருந்தது. 1988இல் சி-டாக் நிறுவனம் புனேயில் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 வந்தது. பிரிட்டனின் ‘டிரான்ஸ்பியூட்டர்’ சில்லுகளை நிறையக் கோத்துச் செய்தது அது. ஒரு பெரிய பிராசஸரை எங்களுக்குத் தர மாட்டீர்களா, சிறியதாகப் பலவற்றைச் சேர்த்துக்கொள்கிறோம் என்ற பதில்.

அமெரிக்காவிலேயே அந்தத் திசையில் ஒரு திருப்பம் 1994இல் நடந்தது. நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும், கடையில் கிடைக்கும் 486 ரகக் கணினிகள் பதினாறை ஈதர்நெட்டில் இணைத்து ‘பேயோவுல்ஃப்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று கிளஸ்டர் என்று நாம் சொல்வது அதன் வாரிசு.

தமிழ்நாட்டில் அந்த வாரிசுகளில் எனக்குப் பிடித்தது, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் என்.டி.ஹரிதாஸ் தலைமையிலான இயற்பியலாளர்கள் அமைத்த ‘கப்ரு’. இமயத்துச் சிகரம் ஒன்றின் பெயர். 144 நோடுகள், ஒவ்வொன்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜியான் பிராசஸர் இரண்டு. மொத்த வேகம் ஏறத்தாழ ஒரு டெராஃப்ளாப். 2004இல் டாப்500 பட்டியலில் இடம்பிடித்தது. அணுக்கருவுக்குள் குவார்க்குகளைக் கட்டிவைக்கும் விசையை, நான்கு பரிமாணக் கட்டங்களில் கணக்கிடுவதுதான் அவர்கள் வேலை. மழைக்கணக்கைப் போலவே இதிலும் ஒவ்வொரு கட்டமும் அக்கம்பக்கத்துக் கட்டத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அவர்கள் பிராசஸரோடு இணைப்பையும் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள்: சாதாரண ஈதர்நெட்டை விட்டுவிட்டு, நோடுகளை முப்பரிமாண வலையில் கோக்கும் ‘எஸ்சிஐ’ என்ற வேக இணைப்பு. தங்கள் சமன்பாட்டின் வடிவத்திலேயே இயந்திரத்தைக் கட்டினார்கள் என்று சொல்லலாம். சொந்தமாக வைத்திருப்பதன் உண்மையான பலன் இது. இன்னொருவர் பொதுவாகச் செய்துவைத்த இயந்திரத்தில் 2004இல் இது கிடைத்திருக்காது.

அதே கப்ருவின் மொத்த வேகத்தை இன்று ஒரே கிராஃபிக்ஸ் கார்டு தாண்டிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். டாடா குழுமம் புனேயில் அமைத்த ‘ஏகா’ 2007 நவம்பரில் உலகின் நான்காவது வேகமான கணினி. ஐந்து ஆண்டு கழித்து முன்வரிசையில் அதன் பெயரைத் தேட வேண்டாம். வாங்கிய நாளிலிருந்தே தேயும் சொத்து இது.

இதன் பொருளாதாரத்தைக் கண்ணமங்கலம் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல் அறுவடை இயந்திரத்தை அவர் வாங்குவதில்லை. மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடிக்கிறார். மூன்று ஏக்கர்காரருக்கு ஆண்டில் சில மணி நேரம்தான் அது தேவை. வேளாண் பொறியியல் துறைகூட ‘இ-வாடகை’ என்று செயலி வைத்து இயந்திரம் தருகிறது. அதே ஊரில் டிராக்டரைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் உண்டு. உழவு, டிரெய்லர், செங்கல் ஏற்றுவது என்று ஆண்டு முழுக்க அது ஓடும். ஒப்புமை இத்தோடு சரி. அறுவடை இயந்திரம் பக்கத்து வயல் இயந்திரத்தோடு பேசியாக வேண்டிய கட்டாயம் இல்லை. அறுத்த நெல்லை வயலிலிருந்து எடுத்துப்போகத் தனிக்காசும் கேட்பதில்லை. இணையம் வழியே கணினியை வாடகைக்குத் தரும் கிளவுட் கேட்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். இதில் வரும் தொகைகள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. ஒரு பல்கலைக்கழகம் 5,000 கோர் (பிராசஸருக்குள் தனித்துக் கணக்குப் போடும் பகுதி) கொண்ட கிளஸ்டரை ஆறரைக் கோடிக்கு வாங்குகிறது. இயந்திரமும் குளிரூட்டலும் சேர்ந்து 60 கிலோவாட் இழுத்தால் ஆண்டுக்கு 5,25,600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 42 லட்சம். ஐந்தாண்டுக்கு 2 கோடியே 10 லட்சம். நிர்வகிக்க ஆட்கள், பழுது, உதிரி என்று இன்னொரு 1 கோடியே 40 லட்சம். மொத்தம் 10 கோடி. ஐந்தாண்டில் 43,800 மணி நேரம். 5,000 கோர்களுக்கு ஏறத்தாழ 21 கோடியே 90 லட்சம் ‘கோர்-மணி’. ஒரு நிமிடமும் சும்மா இராமல் ஓடினால் ஒரு கோர்-மணிக்கு 46 பைசா ஆகிறது. வாடகைக்கு, நீண்டகாலத் தள்ளுபடி எல்லாம் போக, கோர்-மணிக்கு 2 ரூபாய் என்று வையுங்கள். நான்கு மடங்குக்கும் மேல். வாங்கியவர் கெட்டிக்காரர்!

ஆனால் அந்த ‘ஒரு நிமிடமும் சும்மா இராமல்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இயந்திரம் நூற்றில் 23 பங்கு நேரம் மட்டும் வேலை செய்தால் இரண்டும் சமம். 10 பங்குதான் ஓடுகிறது என்றால் சொந்த இயந்திரத்தில் கோர்-மணி நாலரை ரூபாய்க்கு மேல். கல்லூரி ஒன்று மானியத்தில் கிளஸ்டர் வாங்கி, திறப்புவிழாப் பலகை பதித்து, ஆய்வாளர் நாலு பேர் வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டுவதென்றால், அதைப் பூட்டிவைத்த அறையின் ஏசிக்குக் கட்டுகிற கரண்ட் பில்தான் மிச்சம். நம் நாட்டில் இதற்கு ஒரு காரணமும் உண்டென்று நினைக்கிறேன்: கருவி வாங்க நிதி ஒரே தவணையாகக் கிடைத்துவிடும், மாதாமாதம் வரும் வாடகை ரசீதுக்கோ, நல்ல சிஸ்டம் நிர்வாகிக்குச் சம்பளத்துக்கோ அவ்வளவு எளிதில் கிடைக்காது.

மறுபக்கம், நன்றாக ஓடும் கிளஸ்டரில் வரிசை நிற்கும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போது, தன் கணக்கு வரிசையில் இருநூறாவதாக நிற்பதைப் பார்க்கும் மாணவிக்கு 46 பைசா என்ற பெருமை உதவாது. அந்த இடத்தில் கிளவுட் கைகொடுக்கும்.

அமேசான் தன் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது 2006இல். ஆரம்பத்தில் அது இணையதளங்களுக்கான சந்தை. எந்த நோடு எந்த அறையில் இருக்கிறது என்றே தெரியாது, இணைப்பு சாதாரணம். காவலூர் வகைக் கணக்குக்கு அது போதும், மழை வகைக்குப் போதாது. யாரும் எடுக்காமல் கிடக்கும் சர்வர்களை மலிவாகக் கொடுத்து, முழு வாடகைக்காரர் வந்ததும் பறித்துக்கொள்ளும் ‘ஸ்பாட்’ முறை 2009இல் வந்தது. பத்தாயிரம் ஜோடிப் படங்களை ஒப்பிடுபவருக்கு அது வரப்பிரசாதம். ஒரு சர்வர் பறிபோனால் ஒரு ஜோடிதானே போகிறது. ஆயிரம் கோர்களைக் கைகோத்து ஓட்டும் மழைக்கணக்கில் ஒரு சர்வர் பறிபோனால் மொத்தமும் நிற்கும். கடைசியாகச் சேமித்துவைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பிறகு தரவு. கிளவுடுக்குள் தரவை ஏற்றுவது பெரும்பாலும் இலவசம். இறக்கும்போதுதான் ஜிகாபைட் கணக்கில் மீட்டர் ஓடும். வானிலை மாதிரி கக்கும் விடைகள் டெராபைட்களில் வரும்; அவற்றை ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்பதா, அங்கேயே வைத்துப் பார்க்க மேலும் வாடகை கட்டுவதா என்று கேள்வி வரும். கணக்கிடும் செலவை மட்டும் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் முதல் ரசீதில் விழிப்பது இந்த இடத்தில்தான்.

கிளவுட் என்றால் மெதுவான இணைப்பு என்ற பழைய குறை இன்று முழு உண்மை இல்லை. பெரிய நிறுவனங்கள் இன்ஃபினிபேண்ட் போன்ற இணைப்போடு, ஒரே கூரையின் கீழ் நெருக்கமாக வைத்த நோடுகளையும் வாடகைக்கு விடுகின்றன. 2023 நவம்பர் டாப்500 பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்குள் இருந்த ‘ஈகிள்’, 561 பெட்டாஃப்ளாப். பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸ் இன்னும் ஒரு படி போனது. புதிய சூப்பர் கம்ப்யூட்டருக்கென்று பிரிட்டிஷ் அரசு 2020இல் 120 கோடி பவுண்டு நிதி அறிவித்தது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம். 2025 முதல் அந்நாட்டின் அன்றாட முன்கணிப்பு மைக்ரோசாஃப்டின் இயந்திரத்தில் ஓடுகிறது. மழைக்கணக்கையும் வாடகைக்கு விடலாம் என்று ஆகிவிட்டதா? உற்றுப் பார்த்தால், அது மணிக்கணக்கு வாடகை இல்லை. மெட் ஆபீஸுக்கென்றே ஒதுக்கிய இயந்திரம், பல ஆண்டுக் குத்தகை. இரவும் பகலும் ஓயாமல் ஓடும் வேலை என்பதால் குத்தகைப் பணம் வீண் போகாது; இயந்திரம் தேய்ந்தால் மாற்றித்தருவது உரிமையாளர் கவலை.

இந்தியா வாங்கும் வழியிலேயே நின்றது. 2024 செப்டம்பரில் புனேயில் ‘அர்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என்று வானிலைக்காக இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. அர்காவின் உச்சத் திறன் 11.77 பெட்டாஃப்ளாப், அருணிகாவுக்கு 8.24, திட்டச் செலவு 850 கோடி ரூபாய். முந்தைய ‘பிரத்யூஷ்’ பத்து மணி நேரம் வரை எடுத்துக்கொண்ட கணக்கை அர்கா நான்கு மணி நேரத்தில் முடிக்கிறது. கண்ணமங்கலத்தின் 6 கிலோமீட்டர் கட்டம் அதில்தான் கணக்கிடப்படுகிறது. க்ரே கதை நினைவில் இருக்கும் நாட்டில், புயல் நேரத்தில் சுவிட்ச் வேறொருவர் கையில் இருப்பதை ஏற்பது கடினம். இது பணக்கணக்குக்கு வெளியே உள்ள காரணம். ஆனாலும் நல்ல காரணம்.

வாங்குவது, வாடகை என்ற இரண்டுக்கும் நடுவே கூட்டுறவு என்றொரு வழியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு எடுத்துக்காட்டு, திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள ‘பரம் பொருள்’. 2015இல் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் சி-டாக் அமைத்தது, 838 டெராஃப்ளாப். 2022 மே 25 அன்று, திருச்சி அக்கினி நட்சத்திர வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது திறந்தார்கள். பிராசஸர்களை நேரடியாகத் திரவத்தால் குளிரூட்டும் அமைப்பு அதில் இருப்பதை அந்தத் தேதியோடு சேர்த்துப் பார்த்தால் அருமை புரியும். கணக்குக்கு ஆகும் மின்சாரத்தோடு ஏசிக்கும் தனியாகக் கொட்டிக்கொடுக்கும் ஊர்தானே நமது. இயந்திரத்தின் ஒரு பங்கு நேரத்தைச் சுற்றுவட்டாரக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கும் தர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஒரு கல்லூரி தனியாக 10 பங்கு ஓட்டிய இயந்திரத்தை எட்டுக் கல்லூரிகள் சேர்ந்து ஓட்டினால் 80 பங்கு. வேலூர் வட்டாரத்து ஆய்வாளர் வாங்கவும் வேண்டாம், டாலரில் வாடகை கட்டவும் வேண்டாம். விண்ணப்பித்து வரிசையில் நிற்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைத்துப்போட்டிருக்கிறது. கூகிள் டீப்மைண்ட் 2023இல் வெளியிட்ட ‘கிராஃப்காஸ்ட்’ சுமார் நாற்பது ஆண்டு வானிலைப் பதிவுகளைப் படித்துக் கற்றுக்கொண்டது. கற்க 32 சில்லுகளில் நான்கு வாரம். கற்ற பிறகு பத்து நாள் முன்கணிப்பைச் சொல்ல ஒரே சில்லில் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. நான்கு வார வேலைக்கு வாடகை பொருந்தும். அதற்குப் பிறகு ஒரு நல்ல கணினி போதும். சூப்பர் கம்ப்யூட்டரே வேண்டாமா என்றால், அது படித்த பதிவுகளை உருவாக்கித் தந்ததே ஐரோப்பிய வானிலை மையத்தின் சூப்பர் கம்ப்யூட்டர். மேலும் அதன் கட்டம் கால் டிகிரி, அதாவது சுமார் 28 கிலோமீட்டர். ஜவ்வாது மலை அதில் குறுக்காக ஒரே ஒரு கட்டம்.

எந்த வழியானாலும், பணத்தைக் கட்டுவதற்கு முன் செய்துபார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதற்குச் செலவு மிகக் குறைவு. உங்கள் நிரலை ஒரு நோடில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே கணக்கை இரண்டில், நான்கில், எட்டில், பதினாறில் ஓட்டுங்கள். பதினாறு நோடில் வேகம் பதினான்கு, பதினைந்து மடங்கு கூடினால் வேலை நன்றாகப் பிரிகிறது. ஐந்து மடங்கோடு நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று: நோடுகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கின்றன, அல்லது நிரலில் பிரிக்கவே முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின்படி, மொத்த வேலையில் நூற்றில் ஐந்து பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், ஆயிரம் நோடு கொடுத்தாலும் வேகம் இருபது மடங்கைத் தாண்டாது. முதல் வகைக் கோளாறு என்றால் வேகமான இணைப்புள்ள இயந்திரத்தைத் தேடலாம், அது திருச்சியில் இருந்தாலும் கிளவுடில் இருந்தாலும். இரண்டாம் வகை என்றால் எந்த இயந்திரமும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஆறு மாதம் ஒரு நல்ல நிரலாளரை வைத்து அந்த ஐந்து பங்கை ஒன்றாகக் குறைக்கச் சொல்லலாம். உச்சவரம்பு இருபதிலிருந்து நூறாகும்.